கிளிப்பச்சை ஆடும் நான்காவது மன்னிப்பும்

ஜஹனாரா பாயம்மாவின் வெள்ளை ஆடு கிளிப்பச்சையாக மாறியது ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. அதற்குள் நாங்கள் அவரிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தோம். மூன்றும் சரிப்படவில்லை.

எங்களுடையது சாயப்பட்டறை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மட்டுமே நுழைய முடிகிற ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. வாசலில் 'சிட்டிபாபு கலர்ஸ்' என்று பலகை. அதன் கீழே சிவப்பு எழுத்தில் 'சாயம் போகாது'. சிட்டிபாபு என் அப்பா. நான் பிரவீனா. பி.பி.ஏ. முடித்துவிட்டு அப்பாவிடமே வேலைக்குச் சேர்ந்தேன். என் விசிட்டிங் கார்டில் 'வாடிக்கையாளர் உறவு மேலாளர்' என்று போட்டிருக்கும். பெரிய வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான் என்பதால் உறவை மேலாண்மை செய்வது சுலபம் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஒருவர்தான் ஜஹனாரா பாயம்மா. பட்டு நூல் வாங்கி, எங்களிடம் சாயம் போட்டு, அறுபது தறிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, புடவையாகத் திரும்ப வாங்கி விற்பவர். வீடும் கடையும் ஒன்றாக, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அவர் எந்தப் பட்டறைக்கு நூல் அனுப்புகிறார் என்று பார்த்துத்தான் மற்றவர்களும் அனுப்புவார்கள். பதினோரு வருடமாக அது எங்கள் பட்டறை.

தவறு நடந்தது பங்குனியில், திருவிழா சமயத்தில் சாயம் போட்ட நூலில். சந்தன நிற உடல், அரக்கு நிற பார்டர். தென்னேரியில் காயத்ரி என்ற பெண்ணின் முகூர்த்தப் புடவை. வைகாசியில் கல்யாணம். தாலி கட்டி முடித்துக் காரில் ஏறப்போகும்போது பத்தடி தூரம் மழையில் நடக்க வேண்டியிருந்தது. பார்டரின் அரக்கு உடலுக்குள் ஓடிவிட்டது. உண்மையைச் சொன்னால், போட்டோவில் அது அழகாகத்தான் இருந்தது, தென்னேரி ஏரியில் சூரியன் இறங்குகிற மாதிரி. ஆனால் மணப்பெண்ணின் புடவையில் சூரியன் இறங்குவதை எந்த மாமியாரும் விரும்புவதில்லை. 'வீட்டுக்குள்ள கால வைக்கிறதுக்கு முன்னாடியே செவப்பு ஓடுது, இவ ராசி அப்படி' என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். ஒரு முறை அல்ல. பால் திரிந்தாலும் மின்சாரம் போனாலும் சொன்னார்.

ஜஹனாரா பாயம்மா அந்தப் புடவையோடு பட்டறைக்கு வந்தார்.

"சிட்டிபாபு, எனக்குப் புதுசு வேணாம், தள்ளுபடி வேணாம். இது ஏன் ஓடுச்சுன்னு மட்டும் சொல்லு. அந்தப் பொண்ணு வீட்டுக்கு நான் பதில் சொல்லணும்."

அப்பா குனிந்து அடுப்புக்குக் கீழே எதையோ தேடினார். அங்கே தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

"தண்ணிதான் பாயம்மா. அந்தப் பக்கம் தண்ணில உப்பு ஜாஸ்தி."

"அது மழைத் தண்ணிப்பா. நான் அதுல உப்பு போடல."

அப்பா இரண்டு கைகளையும் கூப்பி, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். கை கூப்பியதால் இதை முதல் மன்னிப்பு என்று கணக்கில் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது என் பொறுப்பு. பெரிய கம்பெனிகள் எப்படி மன்னிப்புக் கேட்கின்றன என்று ஒரு நாள் முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். 'தங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் நேர்ந்திருக்குமானால் அதற்காக எங்கள் நிறுவனம் வருந்துகிறது' என்று ஆரம்பம். 'தங்கள் நம்பிக்கையே எங்கள் மூச்சு' என்று நடுப்பகுதி. இரண்டாம் பக்கத்தில் எழுதும் வேகத்தில் எங்கிருந்தோ பனி பெய்ய ஆரம்பித்து, ஒரு ரயில் வேறு தூரத்தில் போனது. ரயிலை எடுத்துவிட்டேன். பனியை எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் போன் வந்தது.

"லெட்டர் படிச்சேன்மா. அழகா எழுதியிருக்க. பனி எல்லாம் வருது. ஏன் ஓடுச்சுன்றதுதான் எங்கயும் காணோம். மூணாவது பக்கம் ஏதாவது இருக்குதா?"

மூன்றாவது மன்னிப்புக்கு ஃப்ளெக்ஸ் கடை விஷாலைப் பிடித்தோம். ஊர் முழுக்கத் தெரியும்படி பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தால் பாயம்மா இறங்கி வருவார் என்பது அப்பாவின் கணிப்பு. விஷால் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனிடம் பிறந்தநாளுக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, கட்சிக்கு இரண்டு என்று தயார் டிசைன்கள் உண்டு. நாங்கள் எழுதிக் கொடுத்த தாளில் 'வருத்தம்' என்ற சொல்லைப் பார்த்ததும் அவன் கை தானாக ஒரு டிசைனைத் திறந்திருக்கிறது.

காலையில் சந்து முனையில் பேனர் நின்றது. கறுப்புப் பின்னணி. நடுவில் அப்பாவின் பாஸ்போர்ட் போட்டோ. இருபுறமும் எரிகிற குத்துவிளக்கு. மேலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. 'ஆழ்ந்த வருத்தத்துடன், சிட்டிபாபு கலர்ஸ் குடும்பத்தார்.'

எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டு நெசவாளர் குமரகுரு மாலையோடு வந்தார். அப்பா வாசலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் பலகையில் மாட்டிவிட்டுப் போனார். ஒன்பது மணிக்குக் கூரத்திலிருந்து கங்கையம்மாள் அத்தை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். சந்து முனையிலேயே அழ ஆரம்பித்து, உள்ளே வந்து, அப்பாவைப் பார்த்து ஒரு நொடி நிறுத்தி, ஆரம்பித்துவிட்ட அழுகை சட்டென நிற்காததால் தொடர்ந்து அழுதார்.

"நீ சாவலன்னு ஒரு போன் பண்ணக் கூடாதாடா?" என்று அப்பாவின் முதுகில் ஒன்று வைத்தார்.

"சாவலன்னு யாராவது போன் பண்ணுவாங்களாக்கா?"

"பண்ணணும்டா. இந்த மாதிரி பேனர் வச்சா பண்ணணும்."

மத்தியானம் ஜஹனாரா பாயம்மா வந்தார். பேனரை மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தார். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஏன் ஓடுச்சுன்னு இதுலயும் இல்லியே" என்றார். பிறகு, "கழட்டுனப்புறம் எனக்குக் குடு. நல்லா கெட்டியா இருக்குது" என்றார். போகிறபோது திரும்பி நின்றார். "ஆனி முடியறதுக்குள்ள சொல்லு சிட்டிபாபு. இல்லன்னா ஆவணிக் கல்யாண நூலு நாப்பது புடவைக்கும் அய்யம்பேட்டைப் பட்டறைக்குப் போயிடும்."

அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆவணி நூல் போனால் பாயம்மா போய்விட்டார் என்று அர்த்தம். பாயம்மா போனால் மற்றவர்கள் ஒரு வாரம்கூடத் தங்கமாட்டார்கள். சந்தின் கடைசியில் வெறும் பலகையும் வாடிய மாலையும்தான் மிஞ்சும்.

"சொல்லிடேன் நைனா" என்றேன். "ஏன்தான் ஓடுச்சு?"

அப்பா மறுபடி அடுப்புக்குக் கீழே குனிந்தார்.

பேனரைக் கழற்றியது அந்த வியாழக்கிழமைதான். அப்பா ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். பட்டறையில் யாரும் இல்லை. அந்த நேரத்தில்தான் நவாப் வழக்கம்போல் கஞ்சி குடிக்க வந்திருக்கிறது.

நவாப் பாயம்மாவின் ஆடு. பால் போன்ற வெள்ளை. பக்ரீத்துக்கென்று வாங்கி, முதல் வருடம் மெலிந்திருக்கிறது என்றும், அடுத்த வருடம் இருமுகிறது என்றும், மூன்றாம் வருடம் பெயர் வைத்தாகிவிட்டது என்றும் மூன்று பக்ரீத்தைத் தாண்டிவிட்டது. அது தினமும் இரண்டு தெரு நடந்து எங்கள் பட்டறைக்கு வரும். அப்பா ஒரு தொட்டியில் கஞ்சித் தண்ணீர் வைத்திருப்பார். அன்று கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்தில், காலையில் கிளிப்பச்சை போட்ட தொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது நவாப் சாயத் தொட்டிக்குள் கழுத்தளவு நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். வெளியே வரும் எண்ணமே அதற்கு இல்லை. இரண்டு பேருமாகத் தூக்கி வெளியே விட்டோம். தலையும் கழுத்தின் மேல்பாதியும் வெள்ளை. அதற்குக் கீழே எல்லாம் கிளிப்பச்சை.

அப்பா ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். பச்சை அசையவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது. பயத்துக்குப் பின்னால், மறைக்க முடியாமல், பெருமையும் இருந்தது.

"போகலம்மா" என்றார் மெதுவாக. "பாரேன், எப்டி புடிச்சிக்கினு இருக்குது."

இரண்டாவது வாளியைத் தூக்குவதற்குள் நவாப் வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு தெருவும் அதைப் பார்த்துவிட்டன. நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

பாயம்மா வாசலில் நின்று ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெல்ல அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"சிட்டிபாபு, என் ஆடு வெள்ள. எனக்கு வெள்ளையாத்தான் வேணும். வெளுத்துக் குடு."

"குடுத்துர்றேன் பாயம்மா."

"ஆனா ஒண்ணு. இது வெளுத்துச்சுன்னா உன் சாயம் போவுதுன்னு அர்த்தம். போர்டுல வேற மாதிரி இல்ல எழுதியிருக்குது?"

வெளுக்கவில்லை என்றால் அப்பா ஆட்டைக் கெடுத்தவர். வெளுத்தால் ஊரை ஏமாற்றியவர். கூடியிருந்தவர்களுக்கு இது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் குமரகுரு சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"ஹைட்ரோஸ் போட்டா நூல்ல இருக்கற கலர் போயிடும்" என்றார் அப்பா பலவீனமாக. "ஆனா தோலு வெந்துடும்."

"என் ஆட்டு மேல அதெல்லாம் படக் கூடாது" என்றார் பாயம்மா. "மழ வரட்டும். பக்ரீத்துக்கு அடிச்ச சொவுரு இது, புது வெள்ள. நவாப் தெனம் இதுலதான் சாஞ்சு ஒரசும். சொவுரு சொல்லும், உன் சாயம் எப்டின்னு."

அதிலிருந்து ஐந்து நாள் பிள்ளையார்பாளையம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தறியில் உட்கார்ந்தவர்கள் மேகம் கறுத்தால் எழுந்து வெளியே வந்தார்கள். நவாபுக்கு மட்டும் எந்தக் கவலையும் இல்லை. அது மார்க்கெட் வரை போய் வந்தது. கோவிலுக்கு வந்த யாரோ அதை வீடியோ எடுத்து, காஞ்சிபுரத்தில் ஆடுகூடப் பட்டு கட்டுகிறது என்று போட்டிருந்தார்கள்.

அப்பா சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நவாப் கஞ்சிக்கு வந்தபோது, சாயம் பிடித்து நிற்கட்டும் என்று வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து அதன் உடம்பு முழுக்க ஒற்றி எடுத்தார். சாயங்காலம் பாயம்மாவின் போன்.

"பிரவீனா, உங்க நைனாவக் கேளு. என் ஆட்டுக்கு ஊறுகா போட்டிருக்காரா?"

மழை செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நவாப் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, சுகமாக உரசிக்கொண்டிருந்தது. அது நகர்ந்ததும் சுவரில் ஒரு ஆடு தெரிந்தது. வயிறு, தொடை, வால் வரை, கிளிப்பச்சையில்.

"நவாப் கையெழுத்துப் போட்டுடுச்சு" என்றார் குமரகுரு, குடையை மடக்கிக்கொண்டே.

பாயம்மா கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தெருவே அப்பாவைப் பார்த்தது. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருடத் தொழில்.

"பாயம்மா, இது சாயத்தோட தப்பு இல்ல" என்றார். குரல் உயர்ந்திருந்தது. "சாயம் நிக்கணும்னா நூலு கொதிக்கணும். முக்கா மணி நேரம் கொதிக்கிற தண்ணில திருப்பித் திருப்பி விடணும். அப்புறம் சோப்புத் தண்ணில ரெண்டு வாட்டி அலசணும். இது ஆறின தொட்டில கொஞ்ச நேரம் நின்னுச்சு, அவ்ளோதான். ஆட்ட நான் கொதிக்க வைக்க முடியுமா? கொதிக்காத நூலு யாரு போட்டாலும் மழையில ஓடத்தான் ஓடும்."

நல்ல வாதம். கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பாயம்மாவும் ஆட்டினார்.

"கொதிக்காத நூலு யாரு போட்டாலும் ஓடும்" என்றார்.

"ஓடும் பாயம்மா."

"முக்கா மணி நேரம் கொதிச்ச நூலு?"

"ஓடவே ஓடாது."

"அப்ப காயத்ரி புடவ?"

மழை நின்றிருந்தது. நவாப் இந்த நேரம் பார்த்து உடம்பைச் சிலிர்த்து உதறியது. அப்பாவின் வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அப்பா குனிந்து பார்த்தார். இங்கே அடுப்பு இல்லை, தேடுவதற்கு எதுவும் இல்லை.

"தேரு கெளம்பிடுச்சுன்னு வேட்டுச் சத்தம் கேட்டுது பாயம்மா" என்றார். "வருஷா வருஷம் வடம் புடிக்கிறவன். போயிடுமேன்னு அரை மணி நேரம் முன்னாடியே நூல எடுத்துட்டேன். சோப்புத் தண்ணிலயும் போடல. அப்புறமா போட்டுக்கலாம்னு வச்சிட்டுப் போனேன். காலையில உங்க ஆளு வந்து எடுத்துக்கினு போயிட்டாரு. என் தப்புதான். சாயம் நல்ல சாயம். நான்தான் நிக்கல."

பாயம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேர இழுத்தியா?"

"கடைசி வீதிதான் கெடச்சுது."

பாயம்மா தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை வைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்தது. திரும்பியபோது முகம் சாதாரணமாக இருந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு சொவுரு மிச்சம். கெளம்பு, தென்னேரிக்குப் போலாம். சட்டைய மாத்தாத. அப்டியே வா."

காரில் மூன்று பேரும் போனோம். அப்பா வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். காயத்ரியின் வீட்டுக் கூடத்தில் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா பச்சைப் புள்ளிச் சட்டையோடு நடுவில் நின்று, தேர், வடம், அரை மணி நேரம் என்று எதையும் விடாமல் சொன்னார். கை கூப்பவில்லை. மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"அப்ப இது இவ ராசி இல்லியா?" என்றார் மாமியார். கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

"இல்லீங்கம்மா. என் அவசரம்."

சமையலறை வாசலில் காயத்ரி வந்து நின்றாள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

"அண்ணா, இன்னொரு வாட்டி சொல்லிடுங்களேன். மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமா."

அப்பா சத்தமாகச் சொன்னார். காயத்ரி பின்கட்டிலிருந்து நாத்தனாரைக் கூப்பிட்டாள். அப்பா அவருக்கும் சொன்னார். பிறகு பக்கத்து வீட்டுப் பெரியம்மா, பால்காரர், எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இருவர். மொத்தம் ஏழு முறை. ஏழாவது முறை சொல்லும்போது அப்பா வேட்டுச் சத்தத்தைக்கூட வாயால் செய்து காட்டினார். கிளம்பும்போது காயத்ரி எங்களுக்குப் பால் விட்ட காபி கொடுத்தாள். பால் திரியவில்லை. மாமியார் அதைக் கவனித்த மாதிரி தெரிந்தது.

"புதுப் புடவை ஒண்ணு வரும்மா" என்றார் பாயம்மா அவளிடம். "அதே அரக்குதான். இந்த வாட்டி தேரு இல்ல."

திரும்பி வரும்போது அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஆவணி நூலு, பாயம்மா?"

"ஒரு புடவைக்கு அனுப்பறேன். காயத்ரி புடவைக்கு. மிச்சத்தப் பாக்கலாம்."

"முன்ன மாதிரி நம்பிக்கை..."

"முன்ன நான் உன்னப் பாக்காமலே நம்பிக்கினு இருந்தேன். இப்ப பாத்து நம்பறேன். கழுத்து இன்னும் வெள்ளையாத்தானே இருக்குது?"

"யாருக்கு?"

"நவாபுக்கு."

அதன் அர்த்தம் மறுநாள் புரிந்தது. அந்த ஒரு புடவைக்கான அரக்கு நூலை அப்பா முக்கால் மணி நேரத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டார். மொபைலில் நான் அலாரம் வைத்திருந்தேன். அது அடித்த பிறகும் எடுக்க மறுத்துவிட்டார். சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசினார். காய்ந்த நூலிலிருந்து பாயம்மா ஒரு கொத்தைப் பிரித்து, முறுக்கி, நவாபின் வெள்ளைக் கழுத்தில் மாலையாகக் கட்டினார்.

"மழ வரட்டும்" என்றார்.

பழையபடி தெரு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்த முறை அப்பாவும் மழைக்காகக் காத்திருந்தார். ஒரு தூறலுக்குக்கூடக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், தெருவில் எல்லோர் முன்னாலும் பாயம்மாவின் குழாயிலிருந்து இரண்டு குடம் பிடித்து நவாபின் தலையில் அவரே ஊற்றினார். குமரகுரு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துப் பார்த்து, எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். கொஞ்சம் அழுக்கு. சிவப்பு இல்லை. பாயம்மா, குடத்துத் தண்ணீர் மழையில் சேராது என்று சொல்லிவிட்டார். ஆனி இருபத்தெட்டாம் தேதி நிஜ மழை வந்து ஒரு மணி நேரம் கொட்டியது. அப்போதும் சிவப்பு இல்லை.

மறுநாள் காலை பாயம்மாவின் ஆள் சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் வெள்ளைப் பட்டு நூல், மூட்டையாக. அப்பா எண்ணிப் பார்க்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தை எடுத்துத் தொட்டிக்கு நேர் எதிரே மாட்டினார்.

கங்கையம்மாள் அத்தை ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்கு வந்தவர், நவாபைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கூட்டிப் போனேன். பச்சை வெளுத்து இளநீர் நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்தில் அரக்கு மாலை. பாயம்மா வீட்டுப் பின்பக்கம் அதற்கு நான்கு மூங்கில் நட்டுப் புதிதாகக் கொட்டகை போட்டிருந்தார்கள். அத்தை உள்ளே குனிந்து மேலே பார்த்தார். கூரையில் கறுப்புப் பின்னணியில் இரண்டு குத்துவிளக்கு எரிய, நடுவிலிருந்து அப்பா ஆழ்ந்த வருத்தத்துடன் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒழுகுதாம்மா?" என்று கேட்டார் அத்தை.

"இல்ல அத்த" என்றேன். "விஷால் பிரின்ட் பண்ணது. சாயம்கூட போகல."